வாகனம் கேள்வி - பதில்: பழைய பிக்கப்பில் ஏற ஒரு பிடிமானம்

கேள்வி: ஐயா, எங்களிடம் 2010-ஆம் ஆண்டில் பதிவான ஒற்றைக் கேபின் பிக்கப் ஒன்று இருக்கிறது. வாரத்தில் நான்கு நாள் தோட்டத்துத் தக்காளியையும் முருங்கையையும் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போகிறோம். எழுபது வயதைக் கடந்த என் மாமியார் வரவுசெலவு பார்ப்பதற்காக உடன் வருவார். ஏறும்போது பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாததால் திறந்திருக்கும் கதவின் விளிம்பைப் பிடித்து ஏறுகிறார். சென்ற மாதம் கதவு ஆடியதில் கால் தவறிவிட்டது. குளியலறையில் பொருத்தும் ஸ்டீல் கம்பியை வாங்கி வந்தால் திருகாணி போட்டு முடுக்கித் தருவதாகப் பட்டறையில் சொல்கிறார்கள். தகடு அதைத் தாங்குமா? எந்த இடத்தில் பொருத்துவது? எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்குக் கொண்டுபோகும்போது சிக்கல் வருமா? (வாசகி, ஒட்டன்சத்திரம்)

பதில்: தகடு தாங்குமா என்று நீங்கள் கேட்டதுதான் இதில் முதன்மையான கேள்வி. கைப்பிடி வாங்கப் போகும் பலர் கைப்பிடியின் உறுதியைத்தான் சோதித்துப் பார்க்கிறார்களே தவிர, அது எதன்மேல் உட்காரப்போகிறது என்று பார்ப்பதில்லை. வண்டியின் உடல் தகடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அவ்வளவு மெல்லிய தகட்டில் திருகாணியின் மரை ஒரு சுற்றுக்கூட முழுமையாகப் பிடிப்பதில்லை. ஒருவர் தம் உடல் எடையைத் தூக்கிக்கொள்வதற்காக இழுக்கும்போது, கைப்பிடியின் மேல்முனை தகட்டிலிருந்து நெம்பப்படுகிறது. அந்த முனையில் இருக்கும் ஒரு திருகாணியே பெரும்பகுதி விசையை வாங்கிக்கொள்கிறது. பத்து நாள் பிடிக்கும், பதினோராம் நாள் கையோடு வந்துவிடும். பிடிமானமே இல்லாத வண்டியில் மனிதர் எச்சரிக்கையாகவாவது ஏறுவார். பிடுங்கிக்கொள்ளும் கைப்பிடியை நம்பி முழு எடையையும் அதில் போட்டவர் மல்லாந்து விழுவார். ஆகவே வெறும் திருகாணி வேண்டாம்.

இனி இடம். கதவுக்கு முன்புறம் கண்ணாடியை ஒட்டிச் சாய்ந்து மேலேறும் தூணை ‘ஏ பில்லர்’ என்றும், கதவுக்குப் பின்புறம் நிற்கும் தூணை ‘பி பில்லர்’ என்றும் பட்டறைகளில் சொல்வார்கள். இரண்டுமே தகடுகளை மடித்துப் பற்றவைத்த பெட்டி வடிவம் கொண்டவை என்பதால், கதவையும் கூரைத் தகட்டையும்விடப் பல மடங்கு விறைப்பானவை. உங்கள் மாமியார் இடப்பக்கக் கதவின் வழியே ஏறுகிறார். வண்டியைப் பார்த்து நிற்கும்போது முன்தூண் அவருடைய இடக்கைப் பக்கமும், பின்தூண் வலக்கைப் பக்கமும் வரும். அவருக்கு எந்தத் தோளில் வலி என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இடத்தோளில் வலி இருப்பவருக்கு முன்தூணில் மட்டும் கைப்பிடி வைத்துக் கொடுத்தால், அது அலங்காரமாகத்தான் தொங்கிக்கொண்டிருக்கும். இரு தோளும் நலமாக இருந்தால் முன்தூணில் ஒன்று போதும். முடிந்தால் பின்தூணிலும் ஒன்று வைத்துவிடுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் இரு கைகள், இரு கால்கள் ஆகிய நான்கில் மூன்று எப்போதும் வண்டியைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பது கனரக வாகன ஓட்டுநர்களுக்குச் சொல்லித்தரப்படும் பாடம். இரண்டு கைப்பிடிகள் இருந்தால் அதைக் கடைப்பிடிப்பது எளிது. இறங்கும்போது முதுகைத் தெருவுக்குக் காட்டி, ஏணியில் இறங்குவதுபோல வண்டியைப் பார்த்தபடி இறங்கச் சொல்லுங்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் இதற்கு எளிதில் இணங்கமாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

உயரத்தை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. அவரைத்தான் கேட்க வேண்டும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கதவை முழுக்கத் திறந்து, அவரை வழக்கமான செருப்புடன் தரையில் நிற்கவைத்து, கையை இயல்பாக நீட்டச் சொல்லி, தூணில் அவர் பற்றும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒருவர் பக்கத்தில் தாங்கிக்கொள்ள, அவர் ஒரு காலை உள்ளே வைத்து எழும் நிலையில் கை எங்கே போகிறது என்று இன்னொரு குறி போடுங்கள். கைப்பிடியின் கீழ்முனை முதல் குறிக்கும், மேல்முனை இரண்டாம் குறிக்கும் எட்ட வேண்டும். குறுகிய கைப்பிடியைவிட 25 முதல் 30 செ.மீ. நீளமுள்ள செங்குத்தான கைப்பிடி ஏற்றது என்பது அப்போது உங்களுக்கே புலப்படும். பிடியின் தடிமன் 25 முதல் 32 மி.மீ. வரையும், பிடிக்கும் தூணுக்கும் இடையே ஏறத்தாழ 40 மி.மீ. இடைவெளியும் இருந்தால் வளையல் அணிந்த கையும் சிக்காமல் பற்றும்.

துளை போடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ஒரே மாதிரி வண்டியில் விலை கூடிய வகைக்குக் கைப்பிடி கொடுத்து, விலை குறைந்த வகைக்குக் கொடுக்காமல் விடுவது வாகனத் தொழிலில் வழக்கம். ஆனால் உடல்கூட்டை இரண்டுக்கும் ஒன்றாகவே அச்சிடுவது உண்டு. எனவே தூணின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றிப் பார்த்தால், ஏற்கெனவே பற்றவைத்த நட்டுகள் ரப்பர் மூடியோடு காத்திருக்கக் கூடும். அப்படி இருந்தால் சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் அதே வண்டிக்கு உரிய கைப்பிடியைத் தேடி வாங்கிப் பூட்டிவிடலாம். துளையும் வேண்டாம், வெல்டிங்கும் வேண்டாம்.

நட்டு இல்லையென்றால் ரிவெட் நட் என்பதைக் கேட்டு வாங்குங்கள். பெட்டித் தூணின் உள்ளே கைவிட்டு நட்டுப் பிடிக்க வழியில்லாத இடத்தில், வெளியிலிருந்தே துளைக்குள் செருகி, அதற்குரிய கருவியால் இழுத்தால் உட்புறம் உப்பித் தகட்டைக் கவ்விக்கொள்ளும் மரையுள்ள குழல் அது. 8 மி.மீ. போல்ட்டுக்குரிய ரிவெட் நட்டுக்கு வழக்கமாக 11 மி.மீ. துளை தேவை, 6 மி.மீ. போல்ட்டுக்கு 9 மி.மீ. அலுமினியத்தில் வருவதைத் தவிர்த்து எஃகில் செய்ததை வாங்குங்கள். போல்ட்டின் தலையில் அதன் உறுதித் தரத்தைக் குறிக்கும் 8.8 என்ற எண் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். கைப்பிடிக்கும் தூணுக்கும் நடுவில், தூணின் வளைவுக்கு ஏற்ப வளைத்த 3 மி.மீ. இரும்புப் பட்டை ஒன்றை முழு நீளத்துக்கும் கொடுத்து, அதை நான்கு இடங்களில் தூணோடு பூட்டி, அந்தப் பட்டையின்மேல் கைப்பிடியை முடுக்கினால், இழுவிசை ஒரே துளையில் குவியாமல் நான்காகப் பிரிந்துவிடும். லேத் பட்டறையில் அரை மணி நேர வேலைதான். ஆனால் பலர் தவிர்த்துவிடுவது இதைத்தான்.

துளையிடும் நாளில் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட வேண்டும். கூரை விளக்குக்கும் ஆன்டெனாவுக்கும் போகும் ஒயர்கள் பெரும்பாலும் இந்தத் தூண்களின் வழியாகத்தான் மேலே ஏறுகின்றன. டிரில் பிட் ஒயரைத் தொடாமல் இருக்க, பிட்டின் முனையிலிருந்து 10 மி.மீ. விட்டு டேப் சுற்றி அடையாளம் வைத்துக்கொண்டு, சென்டர் பஞ்சால் குழியிட்டு, 3 மி.மீ. பிட்டில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்கச் சொல்லுங்கள். துளையின் பிசிறை அரத்தால் நீக்கி, வெறும் இரும்பு தெரியும் விளிம்பில் துருத்தடுப்புப் பிரைமர் தடவிய பிறகே ரிவெட் நட்டைச் செருக வேண்டும். தூணுக்குள் விழும் இரும்புத் தூளைக் காந்தம் விட்டு இயன்றவரை எடுத்துவிடுங்கள். அது அடியில் தங்கி ஈரம் பட்டால் உள்ளிருந்தே துருப் பிடிக்கும். வெல்டிங் செய்து முடித்துவிடலாம் என்று யாரேனும் சொன்னால் நான் மறுப்பதற்கும் இதுதான் காரணம். வெல்டிங் சூட்டில் தூணின் உட்புறப் பூச்சு எரிந்துபோகும். அங்கே மறுபடி பூச்சு அடிக்க வழி கிடையாது. உங்கள் வண்டியின் வயதுக்கு, தூணின் அடிப்பகுதியையும் கதவுக் கீல் இருக்கும் இடத்தையும் ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிப் பார்ப்பது நல்லது. பொத்தென்று ஒலித்தால் முதலில் வண்டியின் தகட்டு வேலை செய்யும் டிங்கரிடம் காட்டுங்கள். பின்தூணில் வேலை செய்யும்போது சீட் பெல்ட்டின் போல்ட்டை மட்டும் தொட வேண்டாம். அதையே கைப்பிடிக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற யோசனையை ஏற்காதீர்கள்.

குளியலறைக் கம்பியைப் பற்றி: ஈரச் சுவரில் எழுந்து நிற்பதற்காகச் செய்த பொருள் அது. விபத்தில் உள்ளிருப்பவரின் தலை முன்தூணில் மோதும் வாய்ப்பு அதிகம். அந்த இடத்தில் வளையாத ஸ்டீல் குழாய் நீட்டிக்கொண்டிருப்பது நல்லதல்ல. உள்ளே எஃகுப் பட்டையும் வெளியே ரப்பரோ நைலானோ கொண்ட வாகனக் கைப்பிடியை வாங்குங்கள். போல்ட் தலைகளுக்கு மூடி இருக்கட்டும். ஓட்டுநர் பக்கத்திலும் ஒன்று வைப்பதானால், ஓட்டுபவர் பார்வையில் தூண் மறைக்கும் சாலைப் பகுதி அகலமாகாதபடி உட்புற முகத்தில் பொருத்த வேண்டும். ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தொங்கி ஏறும் பழக்கமும் அதனால் குறையும்.

எஃப்.சி. குறித்து: எட்டு ஆண்டு கடந்த சரக்கு வாகனம் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும் என்பதால் உங்கள் கவலை இயல்பானதே. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52-இல், பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. கேபினுக்குள் வைக்கும் கைப்பிடி வண்டியின் நீள அகலத்தையோ, இருக்கை எண்ணிக்கையையோ, எடைத் தகுதியையோ மாற்றுவதில்லை. கூர்மையான முனைகளும் தொங்கும் ஒயர்களும் இல்லாமல் சுத்தமாக வேலை முடிந்திருக்கட்டும். ஐயம் இருந்தால் சோதனைக்குப் போகும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். பக்கவாட்டில் வெளியே நீளும் படிக்கட்டு என்றால் கதை வேறு; அது வண்டியின் அகலத்தைத் தாண்டக் கூடாது. எனினும் கேபின் தரை முழங்காலுக்கு மேல் இருந்தால் கைப்பிடி மட்டும் அவரைத் தூக்கிவிடாது. உடல்கூட்டின் விளிம்புக்குள் அடங்கும் ஒரு மிதிபடியும் தேவைப்படும். முக்காலி எடுத்துச் செல்வோரையும் பார்த்திருக்கிறேன். முக்காலி சந்தையிலேயே தங்கிவிடுவதையும் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: எங்களுடையது இரட்டைக் கேபின் பிக்கப். கோத்தகிரி மலைப்பாதை வளைவுகளில் பின் இருக்கையில் இருப்பவர்கள் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் ஒருவர்மேல் ஒருவர் சாய்கிறார்கள். முன் இருக்கையின் தலையணைக் கம்பியில் மாட்டும் வார்ப் பிடி போதுமா? (வாசகர், மேட்டுப்பாளையம்)

பதில்: உட்கார்ந்தபடி சமநிலை காத்துக்கொள்ள அது போதும்; ஏறுவதற்கு அதைப் பயன்படுத்தக் கூடாது, ஏனெனில் தலையணையின் பூட்டு மேல்நோக்கிய இழுவைக்காகச் செய்யப்பட்டதல்ல. முன்னால் இருப்பவரின் தலையைப் பின்னிருப்பவர் ஆட்டிக்கொண்டே வருவதும் முன்னவருக்கு எரிச்சல் தரும். கதவுக்கு மேலுள்ள கூரைச் சட்டத்தில், இரு முனைகளிலும் போல்ட் வைத்த மடங்கும் கைப்பிடியே வளைவுச் சாலைக்கு ஏற்றது. அங்கே கூரைத் துணிக்குப் பின்னால் இரட்டைத் தகடு எங்கே வருகிறது என்று விரலால் அழுத்திக் கண்டுபிடித்து அதில்தான் துளையிட வேண்டும். கூரையின் ஒற்றைத் தகட்டில் துளையிட்டால் வெளியே குமிழ் தள்ளும், மழைநீரும் இறங்கும். ஒன்றைக் கவனியுங்கள்: தூண் உறையிலோ கூரையோரத்திலோ ஏர்பேக் என்ற குறி இருக்கும் புதிய வண்டி என்றால், திரை ஏர்பேக் அந்தச் சட்டத்துக்குள்தான் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும், அங்கே எதையும் துளைக்கவோ தொங்கவிடவோ கூடாது. கைப்பிடி எதுவாக இருந்தாலும் சீட் பெல்ட்டுக்கு அது மாற்றாகாது.

கேள்வி: பின்புறச் சரக்குத் தொட்டியில் வேலையாட்கள் நின்றுகொண்டு வர நான்கு கைப்பிடிகள் வெல்டிங் செய்ய என்ன செலவாகும்? (வாசகர், தாராபுரம்)

பதில்: இதற்கு நான் வழி சொல்லப்போவதில்லை. சரக்கு வாகனத்தின் தொட்டியில் ஆட்களை ஏற்றிச் செல்வது சட்டப்படி குற்றம். கைப்பிடி வைத்தால் பாதுகாப்பு என்ற எண்ணம் வந்து இன்னும் நான்கு பேர் ஏறுவார்கள். அந்தப் பணத்தை ஆட்டோ வாடகைக்குக் கொடுங்கள்.

கேள்வி: முன்தூணில் திருகாணி போட்டு வைத்த கைப்பிடி ஆறு மாதத்தில் ஆடுகிறது. தடிமனான திருகாணி போட்டால் சரியாகுமா? (வாசகர், சங்கரன்கோவில்)

பதில்: ஆகாது. ஆடி ஆடித் துளை நீள்வட்டமாகியிருக்கலாம். விளிம்பில் மயிரிழை வெடிப்பும் இருக்கலாம். கழற்றிவிட்டு, வெளிச்சம் காட்டி விளிம்பைப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் டிங்கர் அதைச் சரிசெய்யும்வரை அங்கே எதையும் பூட்ட வேண்டாம். வெடிப்பில்லாமல் துளை வட்டமாக இருந்து 11 மி.மீ.க்குக் குறைவாகவும் இருந்தால், அதையே சீராக்கி எஃகு ரிவெட் நட் போடலாம். பெரிதாகிவிட்டிருந்தால் அந்தத் துளையைப் பிரைமரும் ரப்பர் மூடியும் கொண்டு அடைத்துவிட்டு, குறைந்தது 3 செ.மீ. தள்ளிப் புதிய துளைகள் போட்டு, மேலே முதல் பதிலில் சொன்ன பட்டையோடு பொருத்துங்கள். முடித்த பிறகு வீட்டிலேயே எடை கூடிய ஒருவரை மெல்ல மெல்லப் பாரம் கொடுத்து இழுக்கச் சொல்லி, தகடு உள்வாங்கி எழுகிறதா என்று பாருங்கள். போல்ட்டின் தலையிலிருந்து பட்டைவரை பெயின்டால் ஒரு கோடு இழுத்து வையுங்கள். ஒரு வாரத்திலும், பிறகு ஒவ்வொரு சர்வீஸின்போதும், அந்தக் கோடு முறிந்திருந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.