மெதுவாக இழுத்தால் ஒரு பலம், ஓங்கி அடித்தால் ஒரு பலம்: கேள்வி பதில்

உலோகச் சோதனைக்கூடத்தில் கம்பி இழுத்தே காலம் கழித்தவன் நான். வேகத்துக்கும் உலோகத்தின் பலத்துக்கும் உள்ள உறவைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் ஐந்து இங்கே.

பாளையங்கோட்டை, பொறியியல் மாணவர்: அண்ணாச்சி, ஒரே எம்.எஸ். (மைல்டு ஸ்டீல், அதாவது சாதாரண மென் எஃகு) கம்பியில் வெட்டிய இரண்டு துண்டுகளை, இழுத்துப் பலம் பார்க்கும் யு.டி.எம். மிஷினில் இழுத்தோம். வேகமாக இழுத்ததற்கு யீல்டு (கம்பி நிரந்தரமாக நீளத் தொடங்கும் பலம்) கூடுதலாக வந்தது. மிஷினில் கோளாறா?

மிஷின் சரியாகத்தான் இருக்கிறது தம்பி. ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேர் முட்டி நின்றால் என்ன செய்வார்கள்? பின்னால் தடி போடுகிறவர்கள் உந்தும் நேரம் பார்த்து வடத்தை இழுத்தால் தேர் அசைந்துவிடும். அவர்களுக்குக் காத்திராமல் இழுத்தால் மொத்தச் சுமையும் வடத்தின் மேல்தான்.

இரும்புக்குள்ளும் அப்படித்தான். அணு வரிசையில் டிஸ்லொகேஷன் என்ற பிசகுகள் உண்டு. அவை நகர்ந்தால்தான் உலோகம் நிரந்தரமாக நீளும். நகர ஒவ்வொரு முறையும் ஒரு தடையைத் தாண்ட வேண்டும். அணுக்களின் வெப்ப அதிர்வுதான் அங்கே தடி போடுகிற ஆள். மெதுவாக இழுத்தால் அந்த உந்துதல் கிடைக்க அவகாசம் உண்டு. வேகமாக இழுத்தால் இல்லை, அதனால் கூடுதல் விசை வேண்டியிருக்கிறது.

சோதனைக்கூட வேகத்தைப் பத்து மடங்கு கூட்டினால் சில சதவீதம்தான் ஏறும். ஆனால் நொடிக்கு 40 என்ற திரிபு வேகத்துக்குப் போனால் (ஒரே நொடியில் தன் நீளத்தைப்போல் 40 மடங்கு நீளும் கதி அது) மைல்டு ஸ்டீலின் யீல்டு ஏறக்குறைய இரட்டிப்பாகும். 1957-இல் கௌப்பர், சைமண்ட்ஸ் என்ற ஆய்வாளர்கள் தந்த சூத்திரத்தின் கணக்கு இது. இழுவைச் சோதனைக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 1608, சோதனை வேகத்துக்கு வரம்பு கட்டுவது இதனால்தான். ரெக்கார்டில் யீல்டு மதிப்புக்குப் பக்கத்திலேயே வேகத்தையும் எழுதிவிடு.

அம்பாசமுத்திரம் பக்கம், பாத்திரப் பட்டறைக்காரர்: செம்புத் தகட்டை வேகவேகமாகத் தட்டினால் சீக்கிரம் விறைத்துப்போகுமா அண்ணாச்சி?

அருமையான கேள்வி. இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. நிமிஷத்துக்கு எத்தனை அடி என்பது உருமாற்ற வேகம் அல்ல. சுத்தியல் முகம் தகட்டைத் தொடும் அந்தக் கணத்தில் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதுதான் கணக்கு. நீங்கள் நிதானமாக, விட்டு விட்டு அடித்தாலும் ஒவ்வொரு அடியும் சோதனை மிஷினைவிடப் பல்லாயிரம் மடங்கு வேகம்.

செம்பின் குணமும் இரும்பிலிருந்து வேறு. இரும்பில் வேகம் கூடினால் வளையத் தொடங்கும் விசை எகிறும், அதன் பிறகு இறுகும் விதம் அவ்வளவாக மாறாது. செம்பில் தொடக்க விசை லேசாகத்தான் கூடும், இறுக்கம்தான் ஏறும். அடிக்க அடிக்கப் பிசகுகள் நூல்சிக்கல் போலப் பின்னிக்கொள்கின்றன. அவகாசம் இருந்தால் அவற்றில் ஒரு பகுதி தானாகவே அவிழ்ந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். வேகமான அடி அந்த அவகாசத்தைக் கொடுப்பதில்லை. அதனால் ஒரே அளவு வடிவ மாற்றத்துக்குக் கூடுதல் விறைப்பு.

மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சினால் சிக்கல் கலைந்து செம்பு மறுபடி இளகிவிடும். தண்ணீரில் போடலாம், எஃகுபோல் கடினப்படாது.

களக்காடு, கொல்லுப்பட்டறை: பழுக்கக் காய்ச்சிய இரும்பில் வேகம் பாதிக்குமா?

குளிர்ந்த இரும்பைவிட அதிகமாகப் பாதிக்கும். நன்றாகப் பழுத்த நிலையில் வேகத்தைப் பத்து மடங்காக்கினால் தேவைப்படும் விசை கால் பங்கு முதல் பாதி வரை கூடலாம். அழுத்தும் பிரஸ்ஸுக்கு எளிதில் இணங்கும் இரும்பு பவர் ஹேமருக்கு முரண்டு பிடிப்பது இதனால்தான். ஆனால் ஆற அமர அழுத்தினால் பிரஸ்ஸின் குளிர்ந்த முகம் சூட்டை உறிஞ்சிவிடும், அதையும் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. 200 முதல் 300 டிகிரி வரை, நீலம் பாயும் சூட்டில், தயவுசெய்து வளைக்காதீர்கள். அந்தச் சூட்டில் கார்பன், நைட்ரஜன் அணுக்கள் ஓடி வந்து பிசகுகளைப் பிடித்துக்கொள்கின்றன. இரும்பு முறுக்கேறி, நீளும் தன்மையை இழக்கும். மெதுவாக இழுத்தால் பலம் கூடுதலாகக் காட்டும் தலைகீழ் நிலையும் அங்கே வரும்.

மேலப்பாளையம், ஆசிரியை: கட்டுக்கம்பியை மடக்கி மடக்கி ஒடிக்கும்போது சுடுகிறதே அண்ணாச்சி?

நீங்கள் செலவழித்த உழைப்பில் பெரும்பகுதி, 90 சதவீதம் அளவுக்கு, சூடாக மாறிவிடுகிறது டீச்சர். டெய்லர், குவின்னி என்ற ஆய்வாளர்கள் 1934-இல் அதை அளந்து காட்டினார்கள். மெதுவாக மடக்கினால் சூடு காற்றுக்குப் போய்விடும். மிக வேகமான மோதலில் வெளியேற நேரமில்லாமல் ஒரே கோட்டில் தேங்கி, அந்த இடம் மட்டும் இளகிக் கிழிந்துவிடும். டைட்டானியம் இதில் மிகவும் மோசம்.

வள்ளியூர், டிராக்டர் வைத்திருப்பவர்: வேகத்தில் பலம் கூடுமென்றால், டிராக்டரால் வெடுக்கென இழுத்ததும் இழுவைக் கொக்கி ஏன் படக்கென ஒடிந்தது?

வளைய வேண்டிய விசை ஏறுகிறது. பிளக்க வேண்டிய விசை அதே அளவு ஏறுவதில்லை. முதலாவது இரண்டாவதைத் தாண்டிவிட்டால் எஃகு வளையாமலே பிளந்துவிடும். ஒரு வெட்டுத்தழும்போ வெல்டிங் விரிசலோ இருந்தால் அந்த இடத்தில்தான் தொடங்கும். ஒடிந்த முகத்தைப் பாருங்கள். நார் நாராக இல்லாமல் சர்க்கரைக் குருணைபோல் மினுங்கினால் இதுதான் காரணம். புதுக் கொக்கியில் தழும்பு இருந்தால் தேய்த்து மழுக்குங்கள், கிளட்சையும் மெதுவாக விடுங்கள்.