கண் பயிற்சி பொம்மைக்கு 189 ரிங்கிட்

கேள்வி: ஐயா, என் மகனுக்கு ஏழு வாரம். தொட்டிலுக்கு மேலே விளக்கெரியச் சுற்றும் 'கண் பயிற்சி' பொம்மையை ஒரு பேரங்காடியில் 189 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். இரண்டே வாரத்தில் பிள்ளை கண்ணால் பின்தொடர்வான் என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறது. மூன்று வாரமாகியும் அவன் பார்வை விட்டு விட்டுத்தான் தாவுகிறது. கோளாறு பொம்மையிலா, பிள்ளையிடமா? காசைத் திரும்பக் கேட்கலாமா?
– ஒரு தாய், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: பயப்படாதீர்கள். ஏழு வாரத்தில் பார்வை அப்படித்தான் தாவும். பிறந்த பிள்ளைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் வரைதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். பால் குடிக்கும்போது உங்கள் முகம் இருக்கும் தூரம் அது. பொருள் நகர்ந்தால் கண் கூடவே வழுக்கிக்கொண்டு போகாது. நின்ற இடத்திலேயே நிற்கும், அப்புறம் தாவித் தாவிப் பிடிக்கும். இரண்டு மாதத்தை ஒட்டித்தான் சீராகத் தொடரத் தொடங்கும், அதுவும் பொருள் மெதுவாகப் போனால். பக்கவாட்டில் முதலில் வரும், மேலும் கீழும் பிறகு. இன்னும் சில மாதம் போனால், நாற்காலிக்குப் பின்னால் உருண்ட பந்து எந்தப் பக்கம் வெளியே வரும் என்று முன்கூட்டியே அங்கே பார்ப்பான்.

இந்த வளர்ச்சியைக் கடையில் விற்க முடியாது. ஒருமுறை அந்தப் பொம்மைக்குக் கீழே தலையை வைத்துப் படுத்துப் பாருங்கள். அதில் யானை தொங்கினால், அதன் முகம் தெரிவது நின்று பார்க்கும் நமக்கு. பிள்ளைக்குத் தெரிவது அதன் பாதம். உங்கள் முகத்தை ஒரு சாண் தூரத்தில் வைத்து, இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்துங்கள். இலவசம்.

மூன்று மாதம் முடிந்தும் எதையும் தொடராவிட்டாலோ, கண் எப்போதும் மாறுகண்ணாகவே இருந்தாலோ, கிளினிக் மிஸ்ஸியிடம் (தாதியிடம்) சொல்லுங்கள். கண்மணியில் வெள்ளை தெரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள்.

சரி, காசு. பொய்யான அல்லது திசைதிருப்பும் விளம்பரத்தை 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. 'இரண்டே வாரத்தில்' என்ற வரியைப் படமெடுத்து, ரசீது நகலோடு கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். கடைக்காரர் கையை விரித்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். கட்டணம் 5 ரிங்கிட். வக்கீலை அங்கே அனுமதிப்பதில்லை, கடைக்கும் அதே விதிதான். வெற்றி நிச்சயம் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் அந்த வரி உங்கள் பக்கம்.

பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பொம்மையில் பொத்தான் பேட்டரி இருந்தால், அதன் மூடி ஸ்குரூ போட்டு இறுகியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பிள்ளை கையை ஊன்றி எழத் தொடங்கியதும், அல்லது ஐந்து மாதம் ஆனதும், தொட்டிலிலிருந்து அதைக் கழற்றிவிடுங்கள்.