கெட்ட ரத்தம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கூடலூர் பக்கம் ஒரு பள்ளியில் உயிரியல் ஆசிரியையாக இருக்கிறேன். என் வகுப்பில் பனியர், குறும்பர் வீட்டுப் பிள்ளைகள் உண்டு. ஒரு பையனுக்கு சிக்கிள் செல் நோய். குளிர் கூடினால் கைகால் வலி வந்து படுத்துவிடுவான். தீங்கான மரபணுவை இயற்கைத் தேர்வு கழித்துக்கட்டிவிடும் என்றுதான் நான் பாடம் நடத்துகிறேன். அப்படியென்றால் இது ஏன் இத்தனை தலைமுறையாகக் கழியவில்லை? 2047-க்குள் ஒழிப்போம் என்று மத்திய அரசு 2023-ல் திட்டம் தொடங்கியிருக்கிறது. இயற்கையால் ஆகாதது அரசால் ஆகுமா? போன வாரம் ஒரு மாணவி எழுந்து, "எங்க சனத்து ரத்தமே கெட்ட ரத்தமா டீச்சர்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

சுகந்தி

அன்புள்ள சுகந்தி,

மாணவியிடம் முதலில் இல்லை என்று சொல்லிவிடுங்கள். மலேரியா ஆளை அள்ளிக்கொண்டு போன காடுகளில் அவளுடைய முன்னோர் பிழைத்துக் கிடந்ததில் இந்த மரபணுவுக்கும் பங்கு உண்டு.

சிவப்பணுவில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் புரதம் ஹீமோகுளோபின். அதன் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும். எஸ் வகை மரபணு இருந்தால் அங்கே வாலின் என்ற வேறோர் அமினோ அமிலம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. வித்தியாசம் அவ்வளவுதான். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் எஸ் வந்த பிள்ளைக்கு, ஆக்ஸிஜன் குறையும்போது சிவப்பணு அரிவாள்போல வளைந்து விறைத்து, மெல்லிய ரத்தக்குழாய்களை அடைத்துக்கொள்ளும். உங்கள் மாணவன் படும் வலி அதுதான். ஒருவரிடமிருந்து எஸ், மற்றவரிடமிருந்து வழக்கமான ஏ என்றால் பெரும்பாலும் ஒரு தொந்தரவும் இல்லை. அவர்களைத்தான் கேரியர் என்கிறார்கள். மலேரியாவிலேயே உயிரைக் குடிக்கும் வகையான ஃபால்சிபாரம் அவர்களை அவ்வளவு சுலபத்தில் கொல்வதில்லை.

இதைக் கண்டுகொண்டவர் கென்யாவில் வளர்ந்த மருத்துவர் அந்தோணி ஆலிசன். 1949-ல் அங்கே ரத்த மாதிரி எடுக்கப் போனவர், கடற்கரையிலும் விக்டோரியா ஏரிக்கரையிலும் கேரியர்கள் ஏராளமாக இருப்பதையும், மலேரியா இல்லாத மேட்டுநிலத்தில் அரிதாக இருப்பதையும் கவனித்தார். 1954-ல் காரணத்தோடு எழுதினார். நீலகிரிப் பழங்குடிகளிடம் எஸ் இருப்பதை லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் 1952-லேயே பதிவுசெய்திருந்தார்கள்.

இனி கணக்கு. கரும்பலகையிலேயே போட்டுக் காட்டலாம். ஓர் ஊரில் 100 குழந்தைகள். இந்த மரபணு ஆளுக்கு இரண்டு பிரதி, ஆக மொத்தம் 200. அதில் 20 எஸ், 180 ஏ என்று வையுங்கள். எஸ் பத்தில் ஒன்று. யாரும் இதைப் பார்த்துக் கல்யாணம் செய்வதில்லை, சொந்தத்துக்குள்ளும் கட்டுவதில்லை என்றால், இரட்டை எஸ் 1 குழந்தை, கேரியர் 18, இரட்டை ஏ 81. (1908-ல் இந்த வாய்பாட்டை எழுதியவர் ராமானுஜன் மூலம் நமக்குத் தெரிந்த அதே கணித மேதை ஹார்டி. தன்னோடு கிரிக்கெட் ஆடும் மரபியலாளர் பன்னெட் கொண்டுவந்த சந்தேகத்துக்குச் சொன்ன பதில். அதே ஆண்டு வைன்பெர்க் என்ற ஜெர்மன் மருத்துவரும் தனியாகக் கண்டுபிடித்தார்.)

மருந்தில்லாத காலம். இரட்டை ஏ உள்ள 81 பேரில் மலேரியா 9 பேரைக் கொண்டுபோகிறது என்று வைப்போம். 18 ஏ போயிற்று. இரட்டை எஸ் குழந்தையும் தங்கவில்லை. 2 எஸ் போயிற்று. மிச்சம் 162 ஏ, 18 எஸ். வகுத்துப் பாருங்கள், மறுபடியும் பத்தில் ஒன்று! ஒவ்வொரு தலைமுறையும் பத்துக் குழந்தைகளைப் பறிகொடுத்து எஸ் அதே இடத்தில் நிற்கிறது. மலேரியா கூடினால் எஸ் கூடும், குறைந்தால் குறையும். அந்தப் பையனின் வலி இந்தக் கணக்கில் எங்கேயும் வருவதில்லை. பரிணாமத்தை இயற்கையின் ஞானம் என்று உருகி எழுதுகிறவர்களைப் படித்தால் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான்.

மலேரியாவே இல்லாமல் போனால்? கழியும், ஆனால் ஆமை வேகத்தில். இரட்டை எஸ் பிள்ளை ஒன்றுகூடத் தங்கவில்லை என்றாலும், பத்தில் ஒன்று நூறில் ஒன்றாக 90 தலைமுறை பிடிக்கும். தலைமுறைக்கு 25 ஆண்டு என்றால் 2,250 ஆண்டுகள். அதன்பின் ஆயிரத்தில் ஒன்றாக இன்னும் 900 தலைமுறை. நூறில் ஒன்று என்ற நிலையில் 10,000 பேரில் நோயாளி ஒருவர், கேரியர்கள் 198 பேர். நோயில்லாத கேரியரை இயற்கைத் தேர்வு தொடுவதே இல்லை. பரம்பரை நோயாளிகளுக்குக் கட்டாயக் கருத்தடை செய்தால் இனம் சுத்தமாகும் என்று போன நூற்றாண்டில் அமெரிக்க மாநிலங்களும் நாஜி ஜெர்மனியும் சட்டம் போட்டன. கொடுமை ஒருபக்கம் இருக்க, கணக்கும் தப்பு.

ஆகவே 2047-ல் எஸ் ஒழியப் போவதில்லை. நோயோடு பிறக்கும் குழந்தைகளைக் குறைக்கலாம், பிறந்தவர்களை நன்றாகக் கவனிக்கலாம். அரசால் ஆவது அதுதான், அது சின்ன விஷயமும் இல்லை. கேரியரும் கேரியரும் மணந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. ஒருவர் மட்டும் கேரியர், மற்றவர் இரட்டை ஏ என்றால் இந்த நோய் வராது. பரிசோதனை செய்து கையில் கொடுக்கும் அட்டையைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அதில் கேரியர் என்று இருந்தால் பெண்ணையே வேண்டாம் என்பார்கள். இந்த நோய் ஒரு மூலக்கூறின் கோளாறு என்று 1949-ல் காட்டிய வேதியியலாளர் லைனஸ் பாலிங்கே, 1968-ல் கேரியர்களின் நெற்றியில் பச்சை குத்தலாம் என்று எழுதினார். மேதைக்கே புத்தி அப்படிப் போயிற்று.

இன்னொன்று. பழங்குடிகளைப் பார்த்து உச்சுக்கொட்டும் சமவெளிக்காரர்களுக்கும் இதே கணக்குத்தான். மாமன் மகளையோ அத்தை மகனையோ கட்டினால் மரபணு கூடுவதில்லை, ஒரே மாதிரி இரண்டு பிரதி சேர்வது கூடுகிறது. நூறில் ஒன்றாக இருக்கும் ஏதோ ஒரு நோய் மரபணு, வெளியில் கட்டினால் 10,000 பிள்ளைகளில் ஒன்றைத்தான் பிடிக்கும். சொந்தத்தில் கட்டினால் ஏழு. இதையும் அந்த வகுப்பில் சொல்லுங்கள்.

பையனுக்கு ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை தருகிறார்களா என்று விசாரியுங்கள், வலி வரும் தடவைகள் அதில் குறையும். பெஞ்சில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும். குளிர் நாளில் காலை அசெம்பிளியில் அவனை நிறுத்தாதீர்கள்.