கிர்கிஸ்தான் மேய்ச்சல் மலையில் தங்கலாமா?

கேள்வி: என் அண்ணன் மகள் பிஷ்கேக்கில் மருத்துவம் படிக்கிறாள். இந்த வருஷம் லீவுக்கு ஊருக்கு வரவில்லை என்பதால் ஜூலையில் நானும் மனைவியும் அவளைப் பார்க்கப் போகிறோம். அப்படியே மலையில் ஆடு, குதிரை மேய்ப்பவர்களின் கூடாரங்களிலும் தங்க ஆசை. ஒரு வாரத்தில் நாலைந்து இடம் பார்க்க முடியுமா? அவர்களுக்கு நாம் தொந்தரவாகிவிட மாட்டோமா?
- ஒரு வாசகர், தக்கலை

பதில்: தாராளமாகப் போங்கள், ஜூலை நல்ல மாதம்தான். ஆனால் அந்த நாலைந்து இடம் என்பதை விட்டுவிட்டு, சோங்கோல் ஏரிக்கரையில் ஒரே குடும்பத்தோடு மூன்று நான்கு இரவு இருங்கள். முதல் நாள் முழுக்க உங்களுக்கு டீ ஊற்றுவதும் ரொட்டியும் பாலாடையும் எடுத்து வைப்பதுமாக ஓடிக்கொண்டிருப்பார்கள், இரண்டாம் நாள்தான் அவரவர் வேலைக்குத் திரும்புவார்கள், நீங்கள் பார்க்க ஆசைப்படும் வாழ்க்கை அங்கேதான் தொடங்குகிறது. குதிரைக்குப் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கறக்க வேண்டும், குட்டி பக்கத்தில் நின்றால்தான் தாய் பால் விடும் என்பதால் குட்டிகளைக் கட்டிப்போட்டிருப்பார்கள். அந்தப் பாலைப் புளிக்க வைத்ததுதான் குமிஸ். புளித்த மோரில் கொஞ்சம் கள் கலந்த மாதிரி இருக்கும், லேசான போதையும் உண்டு. நம் வயிற்றுக்குப் புதிது, முதல் நாள் ஒரு வாய் போதும்.

இவர்கள் வருஷம் முழுக்க அலைகிறவர்கள் இல்லை. சோவியத் காலத்தில், 1930களை ஒட்டி, கூட்டுப் பண்ணைகளில் சேர்த்து ஊர்களில் குடியமர்த்திவிட்டார்கள். இப்போது பெரும்பாலானவர்களுக்குக் கீழே வீடு இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, ஜூன் வாக்கில் மந்தையோடு மலையேறி செப்டம்பரில் இறங்குவார்கள். அந்த மூன்று மாத மேய்ச்சலை நம்பித்தான் குளிர்காலம். அதனால் நீங்கள் போவது அவர்களுக்கு ஓய்வே இல்லாத நேரத்தில், அதை மனதில் வையுங்கள். தொந்தரவு என்று கூச வேண்டாம், நீங்கள் தரும் வாடகையும் அவர்களுக்கு வருமானம்தான், ஆனால் தயவுசெய்து பேரம் பேசாதீர்கள்.

உயரத்தைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. சோங்கோல் 3,016 மீட்டரில் இருக்கிறது, நம் மகேந்திரகிரியைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பிஷ்கேக்கோ சுமார் 800 மீட்டர்தான். நேராக ஏறாமல் வழியில் கொச்கோரில் ஒரு ராத்திரி தூங்குங்கள், தங்குவதற்கான ஏற்பாட்டையும் அங்கேயே செய்துகொள்ளலாம். மேலே போய்த் தலைவலியோடு வாந்தியும் வந்தால் யோசிக்காமல் இறங்கிவிட வேண்டும். பிரஷருக்கோ இதயத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் கிளம்புமுன் டாக்டரிடம் கேளுங்கள். ஜூலையிலும் ராத்திரி பனி கொட்டலாம், காய்ந்த சாணம் எரியும் அடுப்பு விடியுமுன் அணைந்துவிடும், அதனால் கம்பளித் தொப்பியும் தடித்த ஸ்வெட்டரும் கட்டாயம்.

அப்புறம், கூடாரத்து நிலைப்படியை மிதிக்காதீர்கள். வாசலுக்கு எதிரே உள்ள இடம் மரியாதைக்குரியது, உட்காரச் சொன்னால் மறுக்காமல் உட்காருங்கள். ரொட்டியைக் கவிழ்த்து வைப்பதோ தரையில் போடுவதோ அவர்களுக்குப் பெரிய அவமதிப்பு. காவல் நாய்கள் இருக்கும், தூரத்திலிருந்தே குரல் கொடுத்துவிட்டுப் போங்கள். பிள்ளைகளுக்கு ஊரிலிருந்து நேந்திரங்காய் சிப்ஸ் கொண்டுபோகலாம்.

முடிந்தால் அண்ணன் மகளையும் கூட்டிப்போங்கள். நோயாளிகளிடம் பேச மருத்துவ மாணவர்கள் ரஷ்ய மொழி படித்திருப்பார்கள், மலையில் அது பெரிய உதவி. மேலே கார்டு எடுபடாது, வேண்டிய சோம் நோட்டுகளைக் கொச்கோரிலேயே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.