குமரி மாவட்டத்தில் வெயிலுக்கும் நிழலுக்கும் எந்தப் புது ரகச் செடிகள் வைக்கலாம்?

தக்கலைப் பக்கம் வீடு, முன்முற்றத்தில் நாள் முழுக்க வெயில், பின்னால் தென்னையும் பலாவும் கவிந்த நிழல். ஒருமுறை வைத்தால் வருடக்கணக்கில் நிற்கிற புது ரகங்களாகச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நம் ஊரில் செடி சாவது பெரும்பாலும் மழையால்தான். இடவப்பாதியில் ஒன்று, ஐப்பசியில் இன்னொன்று என இரண்டு மழைக்காலம் நமக்கு. ஆகவே புது ரகம் எதைப் பார்த்தாலும், பூவின் நிறத்துக்கு முன்னால் இந்த இரண்டு மழையையும் தாங்குமா என்றுதான் நான் பார்ப்பேன்.

முதலில் வாங்கக் கூடாததைச் சொல்லிவிடுகிறேன். நிழல் தோட்டத்துக்கென்று இணையத்தில் அழகழகாகக் காட்டுகிற ஹோஸ்டா வேண்டாம். சில வாரங்களாவது 5 டிகிரியை ஒட்டிய குளிரில் உறங்கினால்தான் அது அடுத்த வருடம் ஒழுங்காகத் துளிர்க்கும். இங்கே மார்கழி இரவில்கூட அந்தக் குளிருக்கு வழியில்லை. ‘நீல ஹோஸ்டா விதை’ என்று விற்பவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

வெயில் பக்கத்துக்கு என் முதல் தேர்வு நித்தியகல்யாணி, நர்சரியில் விங்கா என்பார்கள். பழைய கலப்பின விங்காக்கள் மே மாதம் வரை பூத்துக் குலுங்கும். ஜூனில் நாலு நாள் அடைமழை பெய்தால் போதும், தண்டு கறுத்து, மண் ஈரமாக இருக்கும்போதே இலை துவண்டு தொங்கிவிடும். காரணம் பைட்டாப்தோரா என்ற அழுகல் கிருமி. மழைக்காலத்தில் ரப்பர் இலை கொட்டுவதும், நல்லமிளகுக் கொடி திடீரென்று வாடுவதும் இதே வகைக் கிருமிகளால்தான், விளை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். ‘கோரா’ வரிசை விங்காக்கள் இந்த அழுகலைத் தாங்குவதற்கென்றே உருவாக்கப்பட்டவை. ‘கோரா எக்ஸ்டிஆர்’ அதன் அடுத்த கட்டம். நாம் தேட வேண்டிய புதுமை இதுதான். ஒன்று மட்டும் கவனியுங்கள்: இவை கலப்பின விதையில் வருபவை, தானாக விழுந்து முளைக்கும் கன்றுகளுக்கு அதே தாங்குதிறன் இருக்கும் என்று நம்ப முடியாது.

மணத்துக்கு, கோவை வேளாண் பல்கலைக்கழகம் 2019-ல் வெளியிட்ட ‘கோ 1’ நட்சத்திர மல்லி. தோவாளைச் சந்தையில் குண்டுமல்லி விலை எகிறும் மார்கழியிலும் இது பூக்கும், வீட்டுக்கு ஒரு செடி போதும். சம்பங்கி என்றால் பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘பிரஜ்வல்’. மொட்டின் நுனியில் இளஞ்சிவப்பு ஓடியிருக்கும், விரிந்தால் சுத்த வெள்ளை. கிழங்கு தண்ணீரில் ஊறாதபடி மேட்டுப் பாத்தியில் வையுங்கள்.

நிழல் பக்கம்தான் உங்களுக்கு உண்மையான கொடுப்பினை. இலை அழகுக்காக வளர்க்கிற அக்லோனிமாவில் பச்சையும் வெள்ளியும்தான் இருந்த காலம் போய்விட்டது. சுமத்ராவில் வளரும் ரொட்டண்டம் என்ற இனத்தின் இலை அடியில் இருந்த சிவப்பை, இந்தோனேசியாவின் கிரெக் ஹம்பாலி கலப்பு செய்து மேலே கொண்டுவந்தார். ‘பிரைடு ஆஃப் சுமத்ரா’ அப்படிப் பிறந்தது. இன்று நர்சரிகளில் வரிசையாக நிற்கும் சிவப்பு அக்லோனிமாக்களுக்கெல்லாம் வழி திறந்தவர் அவர். நம் ஈரப்பதம் இதற்கு அப்படியே பொருந்தும். ஆனால் கும்மிருட்டில் சிவப்பு மங்கிவிடும், தென்னையோலை வழியே வெளிச்சம் சிதறி விழும் இடமாகப் பாருங்கள்.

கலேடியம் வைத்தால் பக்கத்தில் ஒரு குச்சி ஊன்றி வையுங்கள். மழை ஓய்ந்தபின் இலை முழுவதும் மடிந்து கிழங்கு உறங்கப் போகும். செத்துவிட்டது என்று நினைத்து மம்பட்டியால் கொத்திப் போட்டுவிடுவார்கள். பாதி நிழலில் கனகாம்பரம் நன்றாக வரும். ‘டெல்லி’ ரகம் விதை பிடிக்காது, குச்சி வெட்டி வைத்துத்தான் பெருக்க வேண்டும்.

நர்சரிப் பையிலிருந்து செடியை எடுத்ததும் வேரைப் பாருங்கள். பல செடிகள் வெறும் தேங்காய்நார்த் துகளில் வருகின்றன. மழைக்காலத்தில் அது பஞ்சு போல நீரைப் பிடித்துக்கொண்டு உள்வேரை அழுக வைக்கும். முடிந்த அளவு மெதுவாக உதிர்த்துவிட்டு, செம்மண், கழுவிய எம்-சாண்ட், மக்கிய இலை, கொஞ்சம் கரித்துண்டு கலந்த மண்ணில் வையுங்கள்.

பின்பக்க நிழலில் ஆப்பிரிக்க நத்தை இருந்தால் கலேடியம் இலையை ஒரே ராத்திரியில் தீர்த்துவிடும். ஈரச் சாக்குக்கு அடியில் முட்டைக்கோஸ் இலையோ பப்பாளி இலையோ போட்டு வையுங்கள். காலையில் அங்கே கூடியிருக்கும், கையுறை போட்டுப் பொறுக்கி உப்புத்தண்ணீரில் போடுங்கள்.

தரை மூடுவதற்கென்று மஞ்சள் பூவோடு சிங்கப்பூர் டெய்சி கொடுத்தால், தயவுசெய்து வாங்க வேண்டாம். வேலி தாண்டி ஓடைக்கரை முழுக்கப் படர்ந்து, அங்கிருக்கிற நம் புல்பூண்டையெல்லாம் அமுக்கிவிடும். நம் வடகிழக்கில் இருப்பது மேற்குத் தொடர்ச்சி மலைக்காடு என்பதால் இதைக் கெஞ்சியே கேட்கிறேன்.

நிழல் செடிகளைச் சித்திரைக் கோடைமழையிலேயே வைத்துவிடுங்கள், இடவப்பாதி கனக்கும் முன் வேர் பிடித்துவிடும். வெயில் செடிகளுக்குத் தை மாதம் நல்லது.