தலைக்கு 400 ரூபாய் கொடுத்துக் காடு பார்க்க வேண்டாம், டீச்சர்

கேள்வி: மீஞ்சூர் பக்கம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகளுக்கு வனப் பாதுகாப்பு கற்றுத்தர ஓர் அறக்கட்டளை தலைக்கு 400 ரூபாய் கேட்கிறது. பஸ், பழவேற்காட்டில் படகு, மரக்கன்று, சான்றிதழ் எல்லாம் அதிலேயே அடக்கமாம். சேரலாமா?

பதில்: வேண்டாம். படகு என்ற ஒரு வார்த்தை போதும். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் செத்தார்கள், அதற்குப் பிறகு அங்கே உல்லாசப் படகுக்குத் தடை, ஆனாலும் மீன்பிடிப் படகில் ஆள் ஏற்றிக் காசு பார்க்க யாராவது கரையில் நின்றுகொண்டேதான் இருக்கிறார்கள். "நமக்குத் தெரிந்த படகுக்காரர்தான்" என்பார்கள். லைஃப் ஜாக்கெட் காட்டுவார்கள். ஸ்கூல் பிள்ளைகள் என்றால் விட்டுவிடுவார்கள் என்றும் சொல்வார்கள். எதற்கும் தலையாட்டாதீர்கள். பனிக்காலத்தில் போனால் பூநாரையைக் கரையில் நின்றே பார்க்கலாம். காப்புக்காட்டுக்குள் போவதாக இருந்தால் வனத்துறை அனுமதி வேண்டும், அதைத் தலைமையாசிரியரே எழுதிக் கேட்கலாம், நடுவில் ஆள் எதற்கு?

காடு என்றதும் புலியும் யானையும்தான் என்று பாடப்புத்தகம் பழக்கிவிட்டது. உங்கள் பக்கத்துக் காடு எண்ணூர் கழிமுகத்து அலையாத்தி, அதாவது உப்புநீர்ச் சேற்றில் வளரும் மாங்குரோவ் மரங்கள். நீர் வற்றும் நேரத்தில் கூட்டிப்போங்கள், சேற்றிலிருந்து பென்சில் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் சுவாச வேர்கள் தெரியும். சேற்றுக்குள் காற்று கிடைக்காததால் வேர் மேலே வந்து மூச்சு விடுகிறது என்று சொன்னால் போதும், மீதியைப் பிள்ளைகளே கேட்பார்கள். இறால் குஞ்சும் நண்டும் ஏன் அந்த வேரடியில் ஒதுங்குகின்றன என்பதை வகுப்பில் மீனவர் வீட்டுப் பிள்ளை இருந்தால் அவனையே சொல்லச் சொல்லுங்கள், உங்களையும் என்னையும் விட நன்றாகச் சொல்வான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் இந்த மரங்களில் எண்ணெய் அப்பியதையும் மறைக்காதீர்கள். அனல்மின் நிலையச் சாம்பலும் சேர்ந்த சேறு அது, அதனால் காலை மட்டும் வைக்க விடாதீர்கள்.

அப்புறம் அந்த மரக்கன்று. ஜூன் 5 வந்தால் நட்டு போட்டோ அனுப்பு என்று மேலிருந்து உத்தரவு வரும். நமக்கு மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டுகிறது, ஜூன் வெயிலில் நட்ட கன்றுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது? பேனர் பிடித்த ஆள் வரமாட்டார். உத்தரவு போட்டவருக்கு போட்டோ கிடைத்தாயிற்று. அன்றைக்கு ஒப்புக்கு ஒன்றை நட்டுவிட்டு, நிஜமாக நடுவதை ஐப்பசியில் வைத்துக்கொள்ளுங்கள், புங்கன், பூவரசு போதும். பனை வேண்டுமென்றால் ஆவணியில் மரத்தடியில் பழம் விழுந்து கிடக்கும், பிள்ளைகளே பொறுக்கி வருவார்கள். பனங்கொட்டையையும் மூட்டை கட்டி விற்க ஆள் வருவான், வாங்காதீர்கள்.