முதல் மிகுபுனைவு நாவல்: ஒரு மலைச்சரிவு போதும்

கேள்வி: கோத்தகிரி பக்கம் வசிக்கிறேன். ஃபேன்டஸி நாவல் எழுத இரண்டு வருடமாக முயல்கிறேன். ஏழு நாடுகளுக்கு வரைபடம் போட்டாயிற்று. அரச பரம்பரை, போர்கள் என்று இரண்டு நோட்டு நிறைந்துவிட்டது. முதல் அத்தியாயம் மட்டும் வரவில்லை. எங்கே தொடங்குவது? மந்திரத்துக்கு எவ்வளவு விதி வேண்டும்? எந்தத் தமிழில் எழுதுவது? எங்கள் மலையையே கதையின் உலகமாக வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து வருவோம். தாராளமாக வைத்துக்கொள்ளலாம். உங்கள் சிக்கல் அவிழ்வதும் அங்கேதான். ஏழு நாடுகளில் ஆறை எடுத்துப் பரணில் போடுங்கள். மிஞ்சிய ஒன்றிலும் ஒரு மலைச்சரிவு, இரண்டு ஊர், ஒரு சோலை, ஓர் ஓடை போதும். 45,000 சொற்கள் கொண்ட முதல் நாவல், அதாவது அச்சில் ஏறக்குறைய 200 பக்கம், இவ்வளவு இடத்துக்குள் வசதியாக அடங்கும். வரைபடம் என்பது மேலேயிருந்து பார்ப்பது. கதையோ வழுக்குப் பாறையில் கால் வைத்து ஏறுகிறவளின் கண்ணால் பார்ப்பது. வரைபடத்தை எவ்வளவு காலம் தீட்டினாலும் அந்தப் பார்வை அதிலிருந்து வராது.

உலகத்தைக் கட்டத் தமிழில் ஒரு பழைய சட்டகம் இருக்கிறது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. அந்த நிலத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் ஆகியவை கருப்பொருள். அங்கே நடக்கும் மன உணர்வு உரிப்பொருள். பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த அட்டவணை இது. புதிய உலகம் படைக்கிறவருக்கு இதைவிட நல்ல படிவம் கிடைப்பது கடினம். ஒரு தாளில் இந்தப் பத்துப் பன்னிரண்டு தலைப்பையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரே ஒரு சொல்லை நிரப்புங்கள். மூன்று சொல் எழுதத் தோன்றினால் இரண்டை அடித்துவிடுங்கள். ஒரு மாலைக்குள் முடிய வேண்டிய வேலை இது.

நிரப்பும்போது பொழுதில் கொஞ்சம் நிதானியுங்கள். குறிஞ்சிக்குச் சிறுபொழுது யாமம். பெரும்பொழுது கூதிரும் முன்பனியும். முன்பனி என்றால் மார்கழி, தை. ஊட்டியில் உறைபனி விழும் காலம் அதுதான். மேகமில்லாத, காற்றடிக்காத இரவில் தரை வெப்பத்தை இழக்கிறது; குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தில் வந்து தேங்குகிறது. அதனால்தான் தலைகுந்தா போன்ற தாழ்ந்த இடங்கள் வெளுத்துக் கிடக்கும்போது மேட்டுச் சரிவு தப்பிவிடுகிறது. மேகம் மூடிய இரவில் உறைபனி விழாது. புல்வெளியில் முளைக்கும் சோலை மரக்கன்றுகளை இந்தப் பனி கருக்கிவிடும். சோலை புல்வெளிக்குள் பரவாமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்ல வேண்டும்? உங்கள் மந்திரத்தின் விதி இதற்குள்ளேயே இருக்கிறது. சோலைக்கும் புல்வெளிக்கும் நடுவே எல்லை காக்கும் ஓர் உயிராக அந்தப் பனியைப் பாருங்கள். அது பள்ளத்தில்தான் படுக்கும். மேகம் வந்தால் வராது. “இன்றிரவு என் வயலுக்கு வராதே” என்று யார் வேண்டுமானாலும் அதனிடம் கேட்கலாம். கேட்டவர் வீட்டில் ஒரு மாதத்துக்கு அடுப்பு பற்றாது. மந்திரம் என்ன செய்யும், என்ன செய்யாது, செய்தால் யார் எதை இழப்பார்கள் என்ற மூன்றுக்கும் விடை வந்துவிட்டது. முதல் நாவலுக்கு இதற்கு மேல் விதி வேண்டாம். மூன்றில் தொடக்க எழுத்தாளர்கள் தவறவிடுவது இழப்பைத்தான். விலை இல்லாத மந்திரம் கையில் இருந்தால் முதல் ஆபத்திலேயே அதை ஏன் பயன்படுத்தவில்லை என்று வாசகர் கேட்பார். அதற்குப் பதில் சொல்லப் புதிய விதி சேர்ப்பீர்கள். நோட்டு மூன்றாவதாகும்.

உச்சக்கட்டத்தில் மந்திரம் கைகொடுக்கப்போகிறது என்றால் அதை முன்பே இரண்டு முறையாவது காட்டியிருக்க வேண்டும். ஒரு முறை பலித்ததாக, ஒரு முறை பொய்த்ததாக. பொய்த்த காட்சிதான் முக்கியம். மேகம் மூடிய இரவில் அந்த உயிரைக் கூப்பிட்டு யாரும் வராமல் போனதை வாசகர் ஒருமுறை பார்த்துவிட்டால், கடைசி இரவில் மேற்கே ஒரு மேகத் துண்டு தெரிந்ததுமே அவருக்கு வயிற்றைப் பிசையும்.

குறிஞ்சிப் பூவையும் இப்படியே கணக்கில் எடுக்கலாம். கொடைக்கானல் பக்கம் நீலக்குறிஞ்சி 2006இலும் 2018இலும் பூத்தது. அடுத்த முறை 2030. பூத்து விதை உதிர்ந்ததும் அந்தச் செடி செத்துப்போகும். வயதைப் பூவால் எண்ணும் ஊரில் முப்பது வயதுக்காரி இரண்டு பூப்பையோ மூன்றையோதான் பார்த்திருப்பாள். “மூன்று பூ பார்த்தவள்” என்ற ஒரு சொற்றொடர், நாட்காட்டி பற்றிய ஒரு பக்க விளக்கத்தின் வேலையைச் செய்துவிடும்.

இனி அடிக்கடி சறுக்கும் இடங்கள். பயணம் முதலாவது. சமதளத்தில் மணிக்கு 5 கிலோமீட்டர், ஏற வேண்டிய ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம் என்பது மலையேறுவோர் கணக்கு. மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி 2,200க்கு மேல். ரயில் பாதையின் 46 கிலோமீட்டரை அப்படியே நடந்தால் ஒன்பது மணி நேரமும், ஏற்றத்துக்கு மூன்று மணி நேரமும் ஆகும். சுமையும் மழையும் சேர்ந்தால் முழுதாக இரண்டு நாள். உங்கள் நாயகி அதை ஒரே மூச்சில் ஓடிக் கடந்தால், மலையில் பிறந்த வாசகர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார். ஏறும்போது 1,000 மீட்டருக்கு ஆறு ஆறரை டிகிரி குளிர் கூடுகிறது. கீழே வேர்த்தவள் மேலே நடுங்க வேண்டும். குதிரை என்றால் படைக்குதிரை வேண்டாம். மலைப்பாதைக்கு மட்டக்குதிரைதான் சரி. மழையும் எல்லாப் பக்கமும் ஒன்றல்ல. கூடலூர், பந்தலூருக்குத் தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்கு. ஒரே மலையின் இரண்டு ஊர்களுக்கு வெவ்வேறு மழைத் தெய்வம் இருக்க இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

உணவும் மரமும் அடுத்தது. பழங்கால மலை என்று எழுதிவிட்டுத் தேயிலைத் தோட்டம், கற்பூர மரம் (யூகலிப்டஸ்), சீகை மரம் (வாட்டில்), உருளைக்கிழங்கு, கேரட் வைக்காதீர்கள். இவையெல்லாம் வெள்ளைக்காரர் காலத்தில் மலைக்கு ஏறியவை. மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை; காரத்துக்கு அதற்கு முன் மிளகுதான். தினை, சாமை, கேழ்வரகு, மூங்கிலரிசி, தேன், கிழங்கு ஆகியவற்றிலேயே விருந்தும் பஞ்சமும் எழுதிவிடலாம். கற்பனை உலகம்தானே, எது வேண்டுமானாலும் வைக்கலாமே என்று வாதாடலாம். வைக்கலாம், தெரிந்து வைத்தால். தெரியாமல் வைத்தது வாசகருக்குத் தெரிந்துவிடும்.

இன்னொரு சறுக்கல் இவற்றைவிடக் கனமானது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படுகர், பழனி மலைப் பளியர் ஆகியோர் இன்றும் வாழும் மக்கள். பெயரையோ அடையாளத்தையோ லேசாக மாற்றி அவர்களை மந்திரவாதிக் கூட்டமாகவோ காட்டுமிராண்டிகளாகவோ எழுதாதீர்கள். நீலகிரியில் சூனியம் வைத்ததாகப் பழி சுமத்திக் குறும்பர்களைக் கொன்ற சம்பவங்கள் 19ஆம் நூற்றாண்டுப் பதிவுகளில் இருக்கின்றன. அந்தப் பழியையே கதையின் மந்திரமாக்குவது பழைய புண்ணைக் கீறுவது. சடங்கு, கோயில், எருமைத் தொழுவம், உடை இவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், நிலத்திலிருந்து உங்கள் சொந்த வழக்கத்தைப் படையுங்கள். பள்ளத்தில் பனி விழும் ஊரில் யாரும் பள்ளத்தில் வீடு கட்டமாட்டார்கள். கட்டுகிறவன் யார், ஏன் கட்டினான்? ஒரு சமூகமும் அதன் விலக்கப்பட்டவனும் அந்தக் கேள்வியிலிருந்தே பிறந்துவிடுவார்கள்.

மொழிக்கு வருவோம். முழுச் செந்தமிழில் பேசவைத்தால் மேடை நாடகம் ஆகிவிடும். “ஏனுங்க, வாங்க” என்று எழுதினால் வாசகர் கோயமுத்தூர் பேருந்து நிலையத்தில் போய் நின்றுவிடுவார். நடுவழி இருக்கிறது: வட்டார அடையாளமில்லாத, குறுகிய, எளிய வாக்கியங்கள். ஜன்னல், சாவி, மேசை, அலமாரி நான்கும் போர்த்துகீசியர் வழி வந்த சொற்கள். பழைய உலகத்தில் உறுத்தும். அதற்காகச் சாளரம், திறவுகோல் என்று மாற்றினால் மறுபடியும் நாடகம். பொருளையே மாற்றுங்கள்: சுவரில் விட்ட துளை, கதவுக்குக் குறுக்கே போட்ட கட்டை. நிமிடத்துக்குப் பதில் நாழிகை எழுதலாம். அது 24 நிமிடம் என்பதை நினைவில் வையுங்கள். கிலோமீட்டருக்குக் கூப்பிடு தூரம் இருக்கிறது. நீங்களே படைத்த சொற்கள் முதல் அத்தியாயத்தில் மூன்றைத் தாண்ட வேண்டாம்.

தமிழ் உங்களுக்கு இலவசமாகத் தரும் கருவி ஒன்று உண்டு: நீ, நீர், நீங்கள், அவன், அவர், அது. யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்பதை முதல் நாளே ஒரு தாளில் எழுதிவையுங்கள். சாதி, பதவி, பகை, உறவு எதையும் விளக்காமல் காட்டிவிட அதுவே போதும். பனி உயிரைப் பாதிக் கதைவரை “அது” என்று எழுதி, ஓரிடத்தில் நாயகி வாயில் “அவள்” என்று வரவிட்டால், அந்த ஒரு சொல்லில் கதை திரும்பும். தவறுதலாகப் பத்தாம் பக்கத்திலேயே “அவள்” என்று எழுதிவிட்டால் அந்தத் திருப்பம் வீணாகும். அதனால்தான் தாள்.

இப்போது முதல் காட்சி. “ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நீலவரையை ஏழு மன்னர்கள் ஆண்டார்கள்” என்று தொடங்காதீர்கள். ஓர் ஆள், அவள் கையில் ஒரு வேலை, ஓர் இடம், அங்கே சரியில்லாத ஒன்று: இந்த நான்கும் 800 முதல் 1,000 சொற்களுக்குள் வரட்டும். தினைப்புனத்துப் பரணில் ஒருத்தி கவண் பிடித்துக் கிளி ஓட்டுகிறாள். விடிந்து வெகுநேரமாகியும் ஒரு கிளிகூட வரவில்லை. கீழே பார்க்கிறாள், பனி பள்ளத்தைவிட்டு மேட்டில் ஏறிக்கொண்டிருக்கிறது. ஏழு மன்னர்கள் வேண்டுமானால் ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு கிழவி வாயில் இரண்டு வரியாக வரட்டும்.

நாளுக்கு 300 சொல், வாரத்துக்கு ஐந்து நாள் எழுதினால் 45,000 சொற்களுக்கு 30 வாரம். அத்தியாயத்துக்குச் சுமார் 1,900 சொல் என்றால் 24 அத்தியாயம். பலருக்கும் ஏழாவது எட்டாவதில் பேனா நிற்கும். தொடக்கமும் முடிவும் தெரியும், நடு தெரியாது என்பதே காரணம். எனவே எழுத உட்காருவதற்கு முன்பே பன்னிரண்டாம் அத்தியாயத்தில் என்ன புரளும் என்று ஒரு வரி எழுதிவையுங்கள். உதாரணமாக, பனியை விரட்டப் போனவளுக்கு அது எதிலிருந்தோ தப்பித்து ஓடுகிறது என்று தெரியவருகிறது. நேற்று எழுதியதை இன்று திருத்த வேண்டாம். இடது ஓரத்தில் ஒரு குறி போட்டுவிட்டு மேலே போங்கள். கணினியில் என்றால் யூனிகோடில் தட்டுங்கள். பழைய எழுத்துருவில் அடித்தது வேறு இடத்தில் திறக்கும்போது சிதைந்துவிடும். மழைக்காலத்து மின்வெட்டை நினைத்து வேறோர் இடத்திலும் ஒரு பிரதி சேமியுங்கள்.

முதல் மூன்று அத்தியாயம் முடிந்ததும் இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவர் மலையை அறிந்தவர், ஒருவர் மலையே ஏறாதவர். “எப்படி இருக்கிறது?” என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். எந்த வரியில் நிறுத்திவிட்டு எழுந்து போனீர்கள் என்று கேளுங்கள்.